காதருகே கொண்டுபோகாத கைபேசி

எங்கள் வீட்டில் அழைப்பு வந்தால் கைபேசியை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். அதனால் அர்த்தநாரி மாமா இறந்த செய்தி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நொடியில் வந்து சேர்ந்தது. "மேனேஜர் போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றது ஒரு குரல். அம்மா தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

திருச்செங்கோட்டில் எங்கள் தையல் கடைக்கு அடுத்த கதவு, போர்வெல் துளையிடும் ரிக் வண்டிகளின் அலுவலகம். அங்கே மாமா மேலாளர். சொந்தக்காரர் இல்லை, நான் மாமா என்று அழைத்தேன், அவ்வளவுதான். உள்ளூரிலும் வெளிமாநிலங்களிலும் ஓடும் வண்டிகளிலிருந்து காலை முதல் இருட்டும்வரை அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். டீசல் இல்லை, குழாய் சிக்கிவிட்டது, தண்ணீர் வரவில்லை என்று எல்லாம் அவர் காது வழியாகத்தான் போகும்.

ஒரு நாள் புதுக் கைபேசிப் பெட்டியைப் பிரித்தவர், உள்ளே இருந்த மடித்த தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "கண்ணு, எறும்பு ஊர்ற மாதிரி என்னமோ எழுதியிருக்குது. படிச்சுச் சொல்லு." அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலத்தில் இருந்ததால் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பேசும்போது கைபேசி ரேடியோ அலைகளை வெளிவிடும், உடலைவிட்டுச் சற்றுத் தள்ளி வைக்கலாம், ஸ்பீக்கரோ இயர்போனோ பயன்படுத்தலாம் என்று இருந்தது. சிக்னல் குறைந்தால் கைபேசி கூடுதல் ஆற்றலோடு அலை அனுப்பும் என்பதை என் இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டுவந்து சொன்னேன். "இதனால வியாதி வருமா?" என்று கேட்டார். உறுதியாக யாரும் சொல்லவில்லை என்றேன். சற்று யோசித்தார். "காசு பணம் கேக்கல, ரெண்டு சாண் தள்ளி வெக்கத்தான சொல்றாங்க? வெச்சுட்டாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து அவர் ஸ்பீக்கரில் பேச, தெரு முழுவதும் ரிக் வண்டிகளின் கதை கேட்க ஆரம்பித்தது.

ரிக் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு கையிலும் வேலை இருக்கும், கம்ப்ரசர் சத்தம் காதைப் பிளக்கும். அதனால் தலையில் கட்டிய துண்டுக்குள் கைபேசியைச் சொருகி, காதோடு இறுக்கிக்கொண்டு கத்துவார்கள். அதுவும் சிக்னல் ஒரே கோடு காட்டும் வறண்ட காட்டில். மாமா அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

"சாமி, துண்டுக்குள்ள சொருகியிருக்கற இல்ல? எடு மொதல்ல. நூறு அடி தள்ளி மேட்டுக்கு வந்து ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு."

"ஏனுங்க மேனேஜரே, போன் கடிச்சுப்போடுமா?"

"கடிக்குமா கடிக்காதான்னு தெரியலப்பா. அதுக்காக வாய்க்குள்ள கைய உட்டுப் பாக்கோணுமா?"

மறுமுனையில் நாலைந்து பேர் சிரிப்பார்கள். எங்கள் கடையில் அம்மாவும் சிரிப்பாள். ஆனால் பேசியவர் மேட்டுக்கு வந்திருப்பார், குரல் தெளிவாகிவிடும்.

அவர் பயந்தாங்கொள்ளி, எதையும் நம்பிவிடுகிறவர் என்று ஊரில் சிலர் சொல்வதைக் கேட்டு ஒரு வியாபாரி தங்க நிற ஸ்டிக்கர்களோடு வந்தான். கைபேசியின் பின்னால் ஒட்டினால் கதிர் வெளியே வராதாம். மாமா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதிரே வராதுன்னா என்ற பேச்சு எப்படிங்க டவருக்குப் போகும்? நடந்தா போகும்?" வியாபாரி பையை மூடிக்கொண்டான்.

ஸ்பீக்கர் பேச்சு ஒருமுறை வம்பில் முடிந்தது. எந்தத் தோட்டத்தில் மறுநாள் துளையிடப் போகிறோம் என்பதை மாமா சத்தமாகச் சொல்ல, தெருவில் நின்ற வேறொரு போர்வெல் கம்பெனியின் ஏஜென்ட் கேட்டுவிட்டார். விடிந்தபோது அந்தத் தோட்டத்தில் அவருடைய வண்டி நின்றது. முதலாளி அலுவலகத்துக்குள் வந்து போட்ட சத்தத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"ஊருக்கே ஒலிபெருக்கி வெக்கறதுக்கா உனக்குச் சம்பளம்? காதுல வெச்சுப் பேசு. இல்லீன்னா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

மாமா எழுந்து நின்றார். "தோட்டத்தைச் சத்தமாச் சொன்னது என்ற தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கோங்க. ஆனா நாளெல்லாம் காதோட ஒட்டி வெச்சுப் பேசறது மட்டும் முடியாதுங்க. பொழுது சாஞ்சா நீங்க ஆபீசைப் பூட்டிட்டுப் போயிருவீங்க. இந்தத் தலைய நாந்தான் ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போகோணும்."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறு வேலை எதுவும் கையில் இல்லை. மூன்று நாள் எல்லா வண்டிகளின் அழைப்புகளும் முதலாளிக்கே போயின. நான்காம் நாள் அவரே மாமாவின் வீட்டு வாசலில் நின்று, "அந்த ஒயரு மாட்டிப் பேசறதுன்னா பேசிக்கப்பா, வா" என்றாராம். அதன்பிறகு ஒயர் இயர்போனில்தான் பேச்சு. கைபேசி மேசையின் மறுகோடியில் கிடக்கும். தெருவுக்குக் கதை நின்றது. மாமாவுக்கு வேலை நிலைத்தது.

துக்கம் விசாரிக்கப் போனபோது முதலாளி பந்தலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நீதான அந்தத் தாளைப் படிச்சுக் காட்டுன பாப்பா? எட்ட வெச்சு எட்ட வெச்சுப் பேசி என்னத்தக் கண்டான்? மாரடைப்புல போயிட்டான்" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் நகரவில்லை. "மாரடைப்பு வராதுன்னு அந்தத் தாள்ல எழுதலைங்க. மாமாவும் அப்படிச் சொன்னதில்லைங்க" என்றேன்.

"அப்ப போனால வியாதி வரும்னு சொல்லு பாக்கலாம்."

"தெரியாதுங்க."

"தெரியாம எதுக்கு இத்தனை கூத்து?"

"தெரியறவரைக்கும் என்ற போனை நான் எங்க வெக்கறதுன்னு நான் முடிவு பண்ணிக்கறனுங்க. அவரும் அதைத்தான செஞ்சாரு?"

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவனாட்டமே பேசுது" என்றார்.

அவரை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே எழுதினேன். மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்று இனி யாரும் என் எதிரில் சொல்ல வேண்டாம். 'தெரியாது' என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு, அதற்காகத் தலை குனியாமல் நிற்பது எப்படி என்று நான் அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.