முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரின் சாங்கியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தேன். பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிக்க ஒரு பிரிண்டர் வாங்கினார்கள். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டிரைவரை சி மொழியில் எழுதியது நான். அது கெர்னலுக்குள், அதாவது இயந்திரம் முழுவதையும் நடத்தும் நிரலுக்குள்ளேயே ஓடும். அங்கே பிழை நேர்ந்தால் அந்த ஒரு வேலை மட்டும் நிற்காது, எல்லாமே நின்றுவிடும்.

பெறுபவரின் பெயருக்கு முப்பத்திரண்டு எழுத்து இடம் ஒதுக்கியிருந்தேன். பெயர் முடிந்ததைக் காட்டும் பூஜ்ஜியம் வரும்வரை ஒவ்வொரு எழுத்தாக நகலெடுக்க வேண்டும். இடம் மிச்சமிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது நேர விரயம் என்று அந்தச் சோதனையை விட்டுவிட்டேன். வேகமாக ஓடுகிறது என்று மேனேஜர் சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டே வாரத்தில் இயந்திரம் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. பெரும்பாலும் லேபிளுக்குப் பெயர்களை டைப் செய்யும் ஓர் அக்காவின் ஷிப்டில்தான் நடந்தது. தமிழ் முஸ்லிம், ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு அடுத்த புளோக். டைப்பிங்கில் அவரைப்போல நிதானமானவர் யாருமில்லை. மேனேஜர் என்னைக் கேட்டார். டிரைவரில் கோளாறு இருக்காது, டைப் செய்பவர்தான் எதையாவது தவறாக அழுத்தியிருப்பார் என்றேன். சரிபார்க்காமலே சொன்னேன். அடுத்த வாரம் அக்காவைத் தீவின் மறுகோடியில் இருந்த துவாஸ் கிடங்குக்கு, பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். டைப்பிங்கில் தவறு என்று அவருடைய கோப்பில் மேனேஜர் ஒரு குறிப்பும் எழுதினார்.

அவர் போன பிறகும் ஒருநாள் இயந்திரம் நின்றது. அன்றைய படிவங்களைப் புரட்டினேன். கடைசியாக அடிக்கப்பட்டது, தகப்பன் பெயரும் சேர்ந்த ஒரு நீளப் பெயர். எண்ணினேன், நாற்பத்தொன்று. மிஞ்சிய எழுத்துகள் பக்கத்து நினைவகத்தில் விழுந்து அங்கிருந்ததை அழித்திருந்தன. மற்றவர்கள் நீளப் பெயர்களைப் பெரும்பாலும் சுருக்கிவிடுவார்கள். அக்கா மட்டும் படிவத்தில் உள்ளபடியே முழுதாக அடிப்பார்.

இடத்தைப் பெரிதாக்கினேன். நீளத்தை முதலிலேயே ஒருமுறை அளந்து, மிஞ்சினால் ஏற்காமல், அடங்கினால் ஒரே மூச்சில் நகலெடுக்கும்படி மாற்றினேன். வேகம் துளியும் குறையவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக் கடையில் அக்காவைப் பார்த்தேன். விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பஸ் மாறி மாறிப் போய்வருவதாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் தப்பா அடிக்கலையா?"

"இல்லக்கா. நீங்க சரியா அடிச்சதாலதான் நின்னுச்சு."

தேநீர்க் குவளையைத் தள்ளிவைத்தார். மேனேஜரிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"அவர்கிட்ட சொல்ல வேண்டியத எங்கிட்ட வந்து ஏம்மா சொல்ற?"

மறுநாளே மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி, அக்காவைத் திரும்ப அழைக்கும்படி கேட்டேன். இப்போது சரியாகத்தானே ஓடுகிறது, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அக்காவைப் பற்றி எழுதிய குறிப்பையாவது நீக்கிவிடுங்கள் என்று கெஞ்சினேன். நீக்கினார்.

அதை அக்காவிடம் போய்ச் சொன்னபோது, "சரி" என்று மட்டும் சொன்னார். துவாஸிலேயேதான் வேலையைத் தொடர்ந்தார். அதன் பிறகு சந்தையில் என்னைப் பார்த்தால் சிரிப்பார், நின்று பேசமாட்டார்.