இத்தா கொடுத்த தரிக்கஞ்சி

குழந்தையின் படம், புதுச் சுடிதார், யாராவது நலம் விசாரித்தது என எல்லாவற்றுக்கும் வாட்ஸப்பில் ‘ஸ்வீட்’ என்று போட்டுவிடுவது என் வழக்கம்.

நோன்பு மாதத்தில் ஒருநாள், கொச்சங்காடியில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா ஜமீலா இத்தா, ரவையும் பாலும் காய்ச்சிய தரிக்கஞ்சி கொடுத்தனுப்பினார். தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘சோ ஸ்வீட் இத்தா’ என்று அனுப்பினேன்.

மறுநாள் வேறொரு பாத்திரத்தோடு வந்தார்.

“நோன்புல ருசி பாக்காம, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன் மோளே. எல்லாரும் மூஞ்சில அடிச்சாப்ல சொன்னாங்க. நீ மட்டும்தான் என் மனசு நோகாம எழுதினே. இது உனக்குன்னு காய்ச்சினது. பழைய பாத்திரத்தைத் தா.”

அது மூடியபடியே ஃபிரிட்ஜில் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, சத்தமில்லாமல் சிங்கில் கவிழ்த்தேன்.

அவர் போனதும் ஒரு வாய் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. அதை இத்தாவுக்கு எழுதத்தான் கை வரவில்லை.