காத்தக்காவின் சோப்புத் தண்ணீர்

என் அக்காவை எல்லாரும் காத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரிக்கரைத் தகரக் கொட்டகையில், காற்றடிக்கிற ரப்பர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது அவள் தொழில். பெரிய கிழிசலை எந்த மடையனும் கண்டுபிடிப்பான். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு இறங்குகிற மெல்லிய கசிவு அவளுக்கு மட்டும்தான் அகப்படும். சோப்புத் தண்ணீர் பூசிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். கடுகளவு குமிழி வந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம். "பலூன் வாங்கினாக்கூட சோப்பு போட்டுப் பாத்துட்டுத்தான் குழந்தை கையில குடுப்பா" என்று மாமா கிண்டல் செய்வார். மாமா என்றால் அவள் புருஷன்.

அந்த மாமாதான், அவள் ஒட்டுப் போட்டுக் கொடுத்த சாம்பல் நிறப் படகில் வலை போடப் போனவர், திரும்பவில்லை. மறுநாள் படகு மட்டும் எதிர்க்கரை நாணலில் துவண்டு கிடந்தது. உடம்பு கிடைக்கவில்லை. "காத்தைத் திறந்து விட்டுட்டு அக்கரையில இறங்கி எவகூடவோ ஓடிட்டான்" என்று ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. அந்த நாக்கெல்லாம் அழுகிப் போக!

பதினொரு மாதமாக அக்கா அந்தப் படகைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். கசிவு இருந்தால் மாமாவைக் கொன்றது அவள் ஒட்டு. இல்லையென்றால் அவராகவே போய்விட்டார். காற்றடித்தால் வாரக்கணக்கில் கல் மாதிரி நின்றது. ஒரு குமிழிகூட வரவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வெறும் படகைப் பாத்தா என்னக்கா தெரியும்? ஆள் எடை ஏறினாத்தானே ஒட்டு வாய் திறக்கும்!" சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஊரார் படகுக்கெல்லாம் ஆளை உட்காரவைத்துப் பார்க்கிறவள், இதற்கு மட்டும் பார்க்கவே இல்லை. இதில் ஏறி உட்கார எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

நானே ஏறி விளிம்பில் உட்கார்ந்தேன். அக்கா சுற்றிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றுமில்லை. எனக்குப் போன உயிர் வந்தது. பழி அவள்மேல் இல்லை. "போதும்க்கா, விடு" என்று எழப் போனேன்.

அப்போது எனக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பு மெதுவாக அமுங்கியது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு. பாசி வாடை குப்பென்று அடித்தது. 

அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே, பழைய ஒட்டின் ஓரத்தில், ஒரு குமிழி. அப்புறம் வரிசையாக நாலு.

அக்கா பள்ளத்தையும் பார்த்தாள், குமிழியையும் பார்த்தாள். சாக்பீஸால் வட்டம் போட்டாள். பிறகு நிமிர்ந்து சிரித்தாள், பதினொரு மாதத்தில் முதல்முறையாக.

"என் ஒட்டுதான்டா," என்றாள். "அவரு என்னை வேண்டாம்னு போகலை."