ரசீதின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் மகளுக்குக் கொசுறு என்று பெயர். மூத்தவன் பிறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தவள் என்பதால் அவனே சூட்டியது. இப்போது கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

படம் வரைவது அவளுடைய பொழுதுபோக்கு என்றால் அது குறைத்துச் சொல்வதாகும். கையில் அகப்படும் தாள் எதுவானாலும் அதன் பின்பக்கம் அவளுக்குரியது. பேருந்துச் சீட்டில் ஓட்டுநரின் காது இருக்கும்; மருந்துச் சீட்டில் அவள் அம்மாவின் தையல் இயந்திரம் இருக்கும். பாடப்புத்தகங்களுக்குச் செடிகொடிகளைப் பிழையின்றி வரைந்து தரும் வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை.

"போட்டோவுல இலை மட்டும்தாம்பா தெரியும். வரைஞ்சாத்தான் அது காம்புல எப்படி உட்கார்ந்திருக்குன்னு புரியும்," என்பாள்.

தாள்களைச் சேர்த்து வைப்பது என் வழக்கம். பதினேழு ஆண்டுகள் உழைத்த கிடங்கில், நான் நேரில் கொடுத்த விடுப்புக் கடிதம் வரவே இல்லை என்று சொல்லி என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். கொடுத்ததற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், சட்டப் புத்தகங்களைப் பார்த்து மனு எழுதப் பழகினேன். அந்த வழக்குக்கு மட்டும் நான்கு கோப்புகள் உள்ளன.

சென்ற மாதம் கல்லூரி அலுவலகம், கொசுறுவின் செய்முறைப் பதிவேடு வந்து சேரவில்லை, ஆகவே தேர்வுக்கு நுழைவுச் சீட்டு இல்லை என்றது. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஓராண்டு உட்கார்ந்து வரைந்தவை. தேர்வுக்கு மூன்று நாள்களே இருந்தன.

"குடுத்தேம்பா. ஆபீஸ் கிளார்க் கையெழுத்துப் போட்டு ரசீதுச் சீட்டுகூடக் குடுத்தாரு."

"சீட்டு எங்கே?"

"என் பையில இருக்கிறதையெல்லாம் நீங்கதானே எடுத்து வைப்பீங்க."

உண்மை. சனிக்கிழமைதோறும் அவள் பையைக் கவிழ்த்துத் தாள்களைப் பிரித்து வைப்பவன் நான். கல்லூரிக் கோப்பை மும்முறை புரட்டியும் கிடைக்கவில்லை. அன்று கிடங்கில் நான் நின்றதைப் போலவே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மனைவி தையலிலிருந்து தலை நிமிரவில்லை. "ஊருக்கெல்லாம் ரசீது வாங்கி வைன்னு சொல்றவர் வீட்டிலயே காணோமாக்கும். படப் பெட்டியில பாருங்க. பொண்ணு கிறுக்கினதுன்னா உங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியாதே."

அங்கேதான் இருந்தது. பின்பக்கத்துப் படத்தில் மயங்கி, முன்பக்கத்தைப் படிக்காமலே 'மனிதர்கள்' என்ற உறையில் வைத்திருக்கிறேன். படத்தில் அலுவலக எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கொசுறு சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இதை அவர்கிட்டயே எப்படிப்பா நீட்டறது? முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டலாமே."

"அதை அவர் ஒத்துக்க மாட்டார் கண்ணு. நானா இருந்தாலும் ஒத்துக்க மாட்டேன்."

மறுநாள் இருவரும் சென்றோம். எழுத்தர் சீட்டிலிருந்த தம் கையெழுத்தைப் பார்த்தார்; எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு, நாங்கள் அஞ்சியபடியே, தாளைத் திருப்பினார். மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"என் மூக்கு இவ்வளவு பெரிசாம்மா?"

"இல்லை சார். தூங்கும்போது மட்டும்தான்."

பக்கத்து மேசைப் பெண்மணி திடீரென இருமத் தொடங்கினார். எழுத்தர் எழுந்து, ஒவ்வோர் அலமாரியாகத் தேடினார். விலங்கியல் துறையின் மூன்றாம் அடுக்கில், தவளைகளுக்கு நடுவே, என் மகளின் செடிகள் இருந்தன.

"தூங்கினதுக்கே அத்தாட்சி வச்சிருக்கீங்க, நான் என்ன பேசறது," என்று முனகியபடி நுழைவுச் சீட்டில் முத்திரை இட்டார். அந்த ரசீதைத் தாமே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கேட்டேன். எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் என் சட்டைப் பையிலிருந்து அந்த ஒப்புகையை உருவி, கொசுறு அதன் பின்பக்கத்தில் என்னை வரைந்தாள். மடியில் கோப்பு, காதுகள் சற்றுப் பெரியவை. நான் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

அசல் கல்லூரிக் கோப்பில் உள்ளது. இருபக்க நகலைக் கிடங்கு வழக்கின் முதல் கோப்பில், முதல் தாளாகச் சேர்த்திருக்கிறேன். அந்தக் கோப்புக்குள் ஓர் ஒப்புகையாவது இருக்கட்டும்.