நீங்க முன்னாடி போங்க

குராத்தா நட்சுஹோவுக்கு ஏழு வயதில் கோபே நிலநடுக்கத்தில் வீடு போனது. அதைப் பற்றிப் பேசமாட்டார். படிக்கட்டுகளின் அகலத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் கற்பிக்கிறார். மாதம் ஒருமுறை எங்கள் கடற்கரை ஊருக்கு வந்து பேரிடர்ப் பயிற்சி தருகிறார்.

நிலம் குலுங்கினால் பதினைந்து நிமிடத்தில் சுனாமி எங்கள் தெருவில் நிற்கும். தப்ப ஒரே வழி, கோயில் குன்றின் குறுகலான படிக்கட்டு.

வசந்தகால ஒத்திகையில் சைரன் ஊதியதும் எல்லோரும் ஒழுங்காக வந்து, படிக்கட்டின் அடியில் நின்றுவிட்டார்கள்.

"நீங்க முன்னாடி போங்கக்கா."

"ஐயையோ, மூட்டு வலி உங்களுக்குத்தானே? நீங்க போங்க."

"அப்போ பெரியவர விடுங்க."

"எனக்கென்ன அவசரம்? கடைசியா வர்றேன்."

கடைசி ஆள் மேலே வர அரைமணி நேரம் ஆனது.

"யாரும் விழல. அழகா முடிஞ்சுது மேடம்," என்றார் ஊர்த்தலைவர் ஹிராவோ.

"பாதி ஊர் செத்துப்போச்சு சார்," என்றார் குராத்தா.

தலைவருக்கு முகம் சிவந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவ. அதுவும் சரிப்படலன்னா ஒத்திகையே வேணாம். வயசானவங்கள அலைக்கழிக்க முடியாது."

கோடைத் திருவிழாவுக்கும் குராத்தா வந்தார். மேளம் முழங்க, "வாஷ்ஷோய்! வாஷ்ஷோய்!" என்ற கூச்சலோடு சப்பரம் அதே படிக்கட்டில் ஏறியது. அன்று யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. மீன்கடை இசோசாகி அக்கா தலைவரையே முழங்கையால் தள்ளிவிட்டு ஏறினார். குராத்தா பாதி தின்ற கணவாய் மீனைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

இலையுதிர்கால ஒத்திகை. சைரன் ஓய்ந்ததும் திருவிழா மேளம் ஒலித்தது. அடித்தவள் நான்தான், பள்ளி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னைக் குராத்தா அடிக்கச் சொல்லியிருந்தார்.

"மரியாதையெல்லாம் மேல போயி வச்சுக்கலாம்! இப்போ ஏறுங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. நான் இன்னும் பலமாக அடித்தேன். அப்புறம் இசோசாகி அக்காவின் குரல்: "தள்ளுய்யா தலைவரே! மலை மாதிரி நிக்கிறீரு!"

சிரிப்பு வெடித்தது. "வாஷ்ஷோய்!" என்று கூட்டம் ஏறியது. பன்னிரண்டு நிமிடத்தில் மேலே வந்துவிட்டார்கள், கைத்தடி ஊன்றிய ஓதா ஐயாவையும் அவர் மகளையும் தவிர. பதினைந்து நிமிடம் கடந்தபோது அவர்கள் இன்னும் பாதி வழியில் இருந்தார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். குராத்தா தட்டவில்லை, அந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹிராவோ, இன்றும் இடி வாங்கிய விலாவைத் தடவிக்கொண்டே அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பக்கமா சரிவா ஒரு பாதை போட்டா, ஓதாவ வண்டியில வச்சுத் தள்ளிட்டு வந்துரலாமா மேடம்?"

"வரலாம் சார்."

"அப்போ அடுத்த மாசம் வரும்போது வரைஞ்சு கொண்டாங்க."