கண்ணில் தெரியாத காமாலை

எங்கள் கரிசல் ஊரில் காமாலைக்குச் சோதனை, மூத்திரத்தில் சோற்றுப் பருக்கையைப் போட்டுப் பார்ப்பதுதான். பருக்கை மஞ்சளானால் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். கண் வெளுத்ததும் "காமால இறங்கிருச்சு" என்று கறிக்குழம்பு வைத்துவிடுவார்கள். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நானும் இளவயதில் அப்படி இறக்கிக்கொண்டவன்தான்.

கண்புரை அறுவைக்காகக் கோவில்பட்டியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தபோது, என் உடம்பில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. கண் மஞ்சளாகாமலே பல வருஷம் ஈரலில் தங்கியிருக்குமாம். "ஒங்க அம்மாட்ட இருந்து பிரசவத்துலயே வந்திருக்கலாம். கூடப் பெறந்தவங்களக் கட்டாயம் பாக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

எனக்கு ஒரே தம்பி. பக்கத்து வீடு. அவன் மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். சீக்குக் குடும்பம் என்று பேர் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்த பிறகும் சொல்லவில்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்பானே என்ற பயம். வேறு காரணம் கிடையாது.

போன தை மாதம் உளுந்துக் களத்தில் அவன் கால்கள் வீங்கியிருப்பதைப் பார்த்தேன். ஈரல் கெட்டால் கால் வீங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கேயே சொல்லிவிட்டேன்.

அவன் இமையை இழுத்துக் காட்டினான். "நல்லாப் பாரு. பால் மாதிரி இருக்கு. எனக்கு எங்கன காமால?"

"எனக்கும் அப்படித்தாம்ல இருக்கு. ரத்தத்துலதான் தெரியும்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஒம் மக கல்யாணத்துக்கு முந்தியே."

கையிலிருந்த உளுந்தம் நெற்றை நசுக்கினான். "ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்துன. கூடப் பெறந்தவன்ட்ட வாயத் தொறக்கல. வண்டிய எடு, போவோம்."

கிருமி இருந்தது. ஈரலும் இறுகியிருந்தது. முன்பே வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் அவன் எதிரிலேயே சொன்னார். இப்போது தினமும் மாத்திரை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. பிழைத்துக்கொள்வான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் மகளுக்குக் கிருமி இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று. எனக்கு இருக்கிறது என்று தெருவில் நானே சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுப் பரிசோதனைக்குப் போனவர்களில் இன்னும் சிலருக்கு இருந்தது.

தம்பி என் வீட்டில் கை நனைப்பதில்லை. ஒட்டிக்கொள்ளும் என்ற பயமில்லை, கோபம்தான். ஆனால் மாத்திரை வாங்கப் போகும் நாளில் என் வண்டியில்தான் ஏறுகிறான். கோவில்பட்டி போகும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டான். பேச வேண்டியவன் நான்தான், பேசிக்கொண்டே ஓட்டுகிறேன்.