சந்திரிகா கேட்ட சத்தம்

கலஹாத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துவந்த சந்திரிகாவுக்கு இதய வால்வில் கோளாறு. கண்டிப் பக்கத்துப் போதனா வைத்தியசாலையில் சேர்த்திருந்தார்கள். மருத்துவ மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்து, ஒவ்வொருவராக அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். அவள் கூச்சத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருநாள் யாழ்ப்பாணத்து மாணவி ஆரணி, "அம்மா, நானும் ஒருக்காக் கேக்கலாமோ?" என்றாள். தமிழில் யாரும் சந்திரிகாவிடம் அப்படிக் கேட்டதில்லை.

"கேளுங்க புள்ள. அப்படி என்னதான் கேக்குது? எனக்கும் காட்டுங்களேன்."

ஆரணி குழாயை அவள் காதில் மாட்டிவிட்டாள். துடிப்புக்கு நடுவே காற்றுப்போல ஏதோ சீறியது.

"ஐயோ பாவம், உள்ளுக்குள்ள இவ்வளவு பாடுபடுதா!" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள் சந்திரிகா.

மருந்தோடு வீடு திரும்பிவிட்டாள். ஆனாலும் மாணவர்கள் நெஞ்சைக் கேட்டு நோயைச் சொல்லும் பரீட்சைக்கு நோயாளி தேவையென்று வைத்தியசாலையிலிருந்து சொல்லியனுப்பினால், சந்தோஷமாகவே பஸ் ஏறி வருகிறாள்.